மேல்வாய் எலும்பு

அறையில் இருந்தவர்கள்: பேராசிரியர் செல்வநாயகம், அட்டெண்டர் சடையப்பன், பேராசிரியரின் ஆய்வு மாணவியான அவள்.

பஞ்சு விரித்த தட்டில், டைனோசர் காலத்துப் பறவை ஒன்றின் மண்டையோடு. கட்டைவிரல் அளவுதான்.

பேராசிரியர் ஜன்னலோரம் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். மண்டையோட்டைச் சரிபார்க்க வெளியிலிருந்து வந்த ஆய்வுக் குழு பக்கத்து ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்தது. குடித்ததும் வந்துவிடும்.

அவர்கள் பார்க்கப்போவது மேல்வாயை. அங்கே இரண்டு எலும்புகள். நடுவில் மூட்டு இருந்தால் காக்கை, கோழி, வாத்தின் வழி. ஒன்றாக இறுகியிருந்தால் நெருப்புக்கோழியின் வழி.

இறுகியிருந்தது.

அவளால்.

மேல்வாயில் மிச்சம் ஒட்டியிருந்த சுண்ணாம்புக்கல்லைச் சுரண்டும்போது ஊசி நழுவி எலும்பு உடைந்தது. பசை வைத்தாள். பசை மூட்டுக்குள் ஓடிவிட்டது. அவள் சொல்லவில்லை. பேராசிரியர் பார்த்துவிட்டு நெருப்புக்கோழி வம்சம் என்று எழுதிவிட்டார்.

குழுவின் புற ஊதா விளக்கைச் சடையப்பன் மேஜையில் வைத்தார்.

"இதுல பேங்க்ல கள்ள நோட்டுல்ல பாப்பாங்க?"

இந்த ஒளியில் பசை நீலமாக மின்னும். எலும்போ, தான் கிடந்த கல்லைப் பொறுத்து வேறு நிறம் காட்டும்.

"வேண்டாண்ணே."

"சும்மா பாப்பம்மா." ட்யூப்லைட்டை அணைத்து, விளக்கை அழுத்தினார்.

மேல்வாயில் ஒரு நீலப் புள்ளி. அவளுடையது.

அலகின் அடியிலும் நீலம். கண்குழியைச் சுற்றி நீலம். பிடரியில் நீலம்.

அங்கெல்லாம் அவள் கை பட்டதே இல்லை. மண்டையோட்டைக் கல்லிலிருந்து எடுத்தவர் பேராசிரியர். தனியாக.

அலகு மட்டும் மஞ்சளடித்தது. வேறு கல்லில் கிடந்த அலகு. வேறு பறவை.

போன் பேச்சு நின்றிருந்தது.

"நீ எத்தன எடம்மா ஒட்டுன?"

"ஒண்ணு சார்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது. எல்லாம் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அவர் கோபப்படவில்லை.

"சடையப்பா, அவங்களுக்கு இன்னொரு டீ குடு."

"இப்பதான சார் குடிச்சாங்க. வயிறா, தண்ணித் தொட்டியா?"

"பஜ்ஜி வாங்கிக் குடு. நான் கூப்பிடாம யாரும் வர வேணாம்."

"அண்ணே, நானும் வரேன்" என்றாள்.

"நீ எதுக்கும்மா? நாலு பஜ்ஜி தூக்க ஆளு வேணுமா?" சிரித்துக்கொண்டே சடையப்பன் வெளியே போனார்.

பேராசிரியர் ட்யூப்லைட்டைப் போடவில்லை. சடையப்பனின் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்.

பூட்டினார்.