குடோன் சுவரில் ஓர் இடம்

"வயசக் குறை தாயி. இன்னும் குறை."

தார்ப்பாய்த் திரைக்குள்ளிருந்து பாண்டியம்மாள் குரல் வந்ததுதான் தாமதம், எதிர் டீக்கடையில் ஒரே சிரிப்பு.

"அறுபது தாண்டிருச்சு. இப்பப் போயி குமரியாகணுமாம்!" என்றான் கடைக்காரன் இருளாண்டி.

கமுதிப் பக்கம் ஒரு கிராமம். அங்கே மிளகாய்க் குடோன் சுவரில் ஊர் விவசாயிகளை ஆளுயரத்துக்கு வரைகிறார்கள். பஸ்ஸில் போகிற பிள்ளைகள் பார்த்து, சோறும் குழம்பும் யாரால் வருகிறது என்று தெரிந்துகொள்ளட்டும் என்ற நல்ல எண்ணம். வரைகிறவள் சூஃபியா, புதுமடத்துப் பெண். ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள்.

யாரை வரைவது என்பதை முடிவு செய்தவர் விழாக் குழுத் தலைவர் முத்துகிருஷ்ணன். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் விவசாயி என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். ஐந்து ஆண்களை வரைந்தாயிற்று. பெண்களுக்கென்று ஒரே ஓர் இடம். அது பாண்டியம்மாளுக்குப் போய்விட்டது.

இருளாண்டிக்கு அதுதான் ஆறவில்லை.

"இந்தம்மாவோட ரெண்டு ஏக்கர் மிளகாயில விதைப்புலேர்ந்து பழம் பறிக்கிற வரைக்கும் செவ்வந்திக்குத்தான் இடுப்பு ஒடியுது. சுவத்துல ஏறுறது இந்தம்மாவா?"

டீ குடித்துக்கொண்டிருந்த முத்துகிருஷ்ணன் நிமிர்ந்தார். "செவ்வந்தி வெளச்சல்ல பங்குன்னு வாரத்துக்குத்தானப்பா பாக்குறா. அவளுக்கு ஏது பட்டா? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

திரைக்குள் சூஃபியா பாவமாகக் கேட்டாள்: "பெரியம்மா, உங்க ஃபோட்டோ மாதிரியே இல்லையே?"

"அத ஓரமா வையி. கன்னத்த ஒட்டப் போடு. நெறத்தக் கறுப்பாக்கு."

"கேட்டீங்களா!" இருளாண்டி கிளாஸை நங்கென்று வைத்தான். "வெயில்ல காஞ்ச ஆளுன்னு ஊரு நம்பணுமாம்."

"கையில மண்ணு ஒட்டியிருக்கட்டும் தாயி."

"அடேங்கப்பா! மிளகாக் காட்டுப் பக்கமே எட்டிப் பாக்காத கைக்கு மண்ணு வேற!"

கேட்கவா வேண்டும்? ஊர் முழுக்க இதே பேச்சு. தண்ணிக் குழாயடியில் பாண்டியம்மாள் மாதிரி நடித்துக் காட்டியே ரெண்டு பேர் பேர் வாங்கிவிட்டார்கள். அந்தம்மா காதிலும் விழாமலா இருக்கும்? ஆனாலும் மூன்று நாளும் விடிந்ததும் வந்து, திரைக்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. மைக், மாலை, வடை, எல்லாம் தயார். செவ்வந்தியும் பழம் பறித்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடிவந்து கடைசியில் நின்றாள். யாரும் அவளை முன்னே வா என்று கூப்பிடவில்லை.

தார்ப்பாயை அவிழ்த்தார்கள்.

கைதட்டப் போன கைகள் பாதியில் நின்றுவிட்டன. சுவரில், தலையில் துண்டும் ஒட்டிய கன்னமுமாக, முன்பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றவள் செவ்வந்தி.

"ஏலே, நம்ம செவ்வந்திடா!" என்று இருளாண்டி கத்தின பிறகுதான் கூட்டத்துக்கு உயிர் வந்தது. அப்புறம் தட்டினார்கள் பாருங்கள், குடோன் புறாவெல்லாம் பறந்துவிட்டது. செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

முத்துகிருஷ்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. மேடையை விட்டு இறங்கி வந்தார்.

"என்ன மதினி இது? பட்டா ஒங்க பேருல. சுவத்துல அவ மூஞ்சியா?"

வடையைப் பிட்டபடி பாண்டியம்மாள் நிதானமாகச் சொன்னார்:

"நான் அந்தக் காட்டுல கால வச்சுப் பதினோரு வருசமாச்சு தம்பி. நீங்க விவசாயி படம்தான கேட்டீங்க?"