நெற்றியில் ஒட்டிய பிளாஸ்திரி

“ரெண்டு டாக்டரும் ஒண்ணா நின்னு காப்பி குடிச்சதை என் கண்ணால பார்த்தேன் வக்கீலய்யா. சாட்சி சொல்ல வந்தவரு கூட்டாளியை விட்டுக் கொடுப்பாராக்கும்?” கோர்ட்டு வராந்தாவில் செல்லத்தாய் பொருமினாள்.

திருமங்கலம் கண் முகாமில் அவள் புருஷன் தவசிக்கு வலது கண்ணில்தான் புரை ஆபரேஷன் என்று சீட்டில் எழுதியிருந்தது. இடது கண்ணில் சீழ் இருந்ததால் அதைத் தொடக் கூடாது. டாக்டரோ அந்த இடது கண்ணிலேயே கத்தி வைத்துவிட்டார். அந்தக் கண் போய்விட்டது; வலது கண்ணிலோ புரை அப்படியே இருந்தது.

சாட்சிக் கூண்டில் ஏறிய கண் டாக்டர் வெங்கடரமணன், ஆபரேஷன் செய்த தன் நண்பரின் பக்கம் திரும்பவே இல்லை.

“எந்தக் கண்ணுன்னு அடையாளம் தெரிய, அதுக்கு மேல நெத்தியில பிளாஸ்திரி ஒட்டுவோம். இவருக்கு இடது பக்கம் ஒட்டியிருந்திருக்கு. சீட்டைப் பார்க்காம அதை மட்டும் நம்பினது டாக்டரோட தப்புதான்.”

செல்லத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கேட்டியா? மனுசன் நியாயத்தைச் சொல்லிட்டாரு. நீதான் வீணா சந்தேகப்பட்ட” என்று தவசி அவள் கையைத் தடவிப் பிடித்தான்.

ஆபரேஷனன்று காலையில் பாண்டி கோயில் திருநீற்றைப் பூசுவதற்காக அவன் நெற்றிப் பிளாஸ்திரியை உரித்ததும், பிறகு அவனுக்கு எதிரே நின்றபடி தன் வலது பக்கமாகப் பார்த்துத் திரும்ப ஒட்டியதும் அந்தக் கைதான்.