கன்னிமூலை பீரோ

"பாய், உடனே வாங்க. பீரோ நகர மாட்டேங்குது. அத்தை பஸ் ஏறிட்டாங்க!"

போனில் கயல்விழி அழாத குறையாகச் சொன்னாள். சூரமங்கலத்தில் வீல் கடை வைத்திருக்கும் நசுருல்லா, ஸ்பேனரையும் எண்ணெய் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மனசு மட்டும் கிளம்ப மறுத்தது.

கட்டில், டிவி ஸ்டாண்டு, தள்ளுவண்டி என்று எதைக் கொண்டுவந்தாலும் வீல் மாட்டிக் கொடுப்பவர் அவர். ஆனால் ஒரு மாமியாரை ஏமாற்றுவதற்கென்றே மாட்டிக் கொடுத்தது இந்த பீரோவுக்கு மட்டும்தான்.

சேந்தமங்கலத்தில் இருக்கும் மாமியார் ராமாயி அம்மாளுக்கு, பீரோ என்றால் கன்னிமூலையில்தான் நிற்க வேண்டும். தென்மேற்கில் வடக்கு பார்த்து நின்றால்தான் வீட்டில் லட்சுமி தங்குவாளாம். கயல்விழி வீட்டிலோ படுக்கையறைக்கு இருக்கிற ஒரே ஜன்னலும் அந்த மூலையில்தான். பீரோ அங்கே போனால் காற்று போச்சு.

ஒருமுறை பீரோ இடம் மாறி நிற்பதைப் பார்த்துவிட்டு, அந்தம்மாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டார். மகன் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் மறுபடி வரவழைக்க முடிந்தது.

அதன் பிறகுதான் கயல்விழி நசுருல்லாவின் கடையைத் தேடி வந்தாள்.

"அத்தை வந்தா கன்னிமூலை, போனா எதிர்ப்பக்கம். நான் ஒருத்தியே தள்ளற மாதிரி மாட்டிக் குடுங்க பாய். தள்ளறப்ப வீல் வீல்னு கத்தக் கூடாதுங்க. அத்தைக்குத் தெரியவே கூடாது."

கத்தாத ரப்பர் வீலாகப் பார்த்து, பிரேக்கும் வைத்து மாட்டிக் கொடுத்தார். தொழில் சுத்தம். மனசாட்சிதான் அன்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பீரோவின் ஒரு மூலையைக் கடப்பாரையால் நெம்பி, செங்கல்லை முட்டுக் கொடுத்தார். வீலைக் கழற்றிப் பார்த்தால், அச்சு முழுக்கத் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொண்டு கல்லாகக் கிடந்தது.

"இத்தனை முடியும் உன்னோடதா தங்கச்சி? ஒரு சவுரி முடியே செய்யலாம் போலிருக்கே."

கயல்விழிக்குச் சிரிக்கும் நிலைமை இல்லை. "சீக்கிரம் பாய். இந்தத் தடவை கோவிச்சுக்கிட்டுப் போனாங்கன்னா அப்புறம் இந்த ஊட்டுப் படியே மிதிக்க மாட்டாங்க."

நசுருல்லாவால் வாயை அடக்க முடியவில்லை. "தப்பா எடுத்துக்காதம்மா. பெரியவங்களை இப்படி ஏமாத்தறது நல்லாவா இருக்கு?"

"ஏமாத்தறதாங்க பாய்? அவங்களும் நிம்மதியாத் தூங்கோணும், எங்களுக்கும் காத்து வரோணும். நான் வேற என்னங்க பண்ணட்டும்?" என்றவள், தெருவில் ஹாரன் கேட்டதும் எழுந்தாள். "ஸ்கூல் வேன் வந்திருச்சு. முனைக்குப் போய் பாப்பாவைக் கூட்டிட்டு வந்தர்றேன்."

பேச நன்றாகத்தான் பேசுகிறாள் என்று நினைத்தபடி, முடியை பிளேடால் அறுத்தெடுத்து எண்ணெய் விட்டார் நசுருல்லா. பின்னால் செருப்புச் சத்தம்.

"அதுக்குள்ள வந்துட்டியா தங்கச்சி?" என்று திரும்பினார்.

கையில் பையோடு ராமாயி அம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

ஜன்னல் பக்கம் காலி. பீரோ எதிர்ச்சுவர் ஓரம் செங்கல்மேல் ஒற்றைக்கால் தூக்கி நிற்கிறது. நசுருல்லா கையிலோ வீல்.

"ஏஞ்சாமி, வீல் கழண்டு போச்சுங்களா?"

"அம்மா... அது வந்து..."

"வந்தும் வேண்டாம் போயும் வேண்டாம். வெரசா மாட்டுங்க. மருமவ முனையில வேன்கிட்ட நிக்கறா. நான் இந்தப் பக்கம் வந்ததை அவ பாக்கல."

நசுருல்லாவுக்குத் தலை சுற்றியது. "உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?"

"பாய் விரிச்சுத் தரையில படுக்கறவளுங்க நான். தலைமாட்டுல நாலு வீலு நிக்கறது கண்ணுக்குத் தெரியாதா? தெரிஞ்சதாக் காட்டிக்கிட்டா அவளுக்குச் சங்கடமுங்க."

நசுருல்லா அவசர அவசரமாக வீலை மாட்டினார். செங்கல்லை உருவியதும், அந்தம்மாளும் ஒரு பக்கம் கை கொடுத்தார். பீரோ பூனை மாதிரி சத்தமில்லாமல் போய்க் கன்னிமூலையில் நின்றது. பிரேக்கை மட்டும் நசுருல்லா மிதித்தார்.

ராமாயி அம்மாள் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார். சற்று நேரத்தில், குழந்தையோடு உள்ளே வந்த கயல்விழிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் முன்வாசலில் குரல் கேட்டது.

"கயலு! தண்ணி கொண்டா சாமி. பஸ்ஸுல என்ன கூட்டம்ங்கிற!"

வந்தவர் அறையை எட்டிப் பார்த்தார். "பீரோ நின்ன எடத்துல அப்படியே நிக்குது. இப்பத்தான் மனசு குளிருது." கயல்விழி முகமெல்லாம் பல்லாகத் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

நசுருல்லா தப்பித்தோம் பிழைத்தோம் என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். கேட்டைத் தாண்டுவதற்குள் ராமாயி அம்மாள் பின்னாலேயே வந்துவிட்டார்.

"இதே மாதிரி நாலு வீலு எடுத்துக்கிட்டு ஒரு நாளைக்குச் சேந்தமங்கலம் வர முடியுங்களா?" என்றார் குரலைத் தாழ்த்தி. "எங்க ஊட்டுக் கன்னிமூலையிலயும் ஒரு ஜன்னல் இருக்குது. மருமவ வாரப்பெல்லாம் அவளுக்குக் காத்து வரோணுமின்னு, அந்தப் பீரோவைத் தூக்கி அந்தாண்ட வெச்சு வெச்சே என்ற இடுப்பு ஒடிஞ்சு போச்சுங்க!"