கம்பளிச் சங்கத்தின் புது ஆள்

குளிரில் நடுங்குபவர்களுக்குக் கம்பளி கொடுக்கும் சங்கம் ஒன்றைப் பஞ்சவர்ணம் என்ற செம்மறியாடு நடத்திவந்தது. ஆள் போதாமல், தானே யோசித்து வேலை செய்யும் கத்தரிக்கோல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது.

"எதையெல்லாம் நம்மைக் கேட்டுச் செய்யணும்னு முதல்ல சொல்லிடுவோமா, அக்கா?" என்றது சங்கத்து முயல்.

"அதுக்குத்தான் மூளை இருக்கே!" என்ற பஞ்சவர்ணம், கத்தரிக்கோலிடம், "ஒருத்தரும் நடுங்கக் கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மதியத் தூக்கம் போட்டது.

விழித்தபோது உடம்பில் ஒரு முடிகூட இல்லை. பற்கள் தந்தியடித்தன.

கத்தரிக்கோல் ஓடிவந்து, பஞ்சவர்ணத்தின் முடியிலேயே நெய்த கம்பளியை அதற்குப் போர்த்திவிட்டது.

"இன்னைக்கு முதல் பயனாளி நீங்கதான் அம்மா! கொஞ்சம் சிரிங்க, போட்டோ எடுக்கணும்."

பஞ்சவர்ணம் முயலைத் தேடியது. அது தன் வாலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.