கால் மாறிய நடராசர்

“மாப்பிள, கேசரி அப்புறம் தின்னலாம். எந்திச்சு எங்கூட வாய்க்கால் வரைக்கும் வாரும்” என்றார் பெண்ணின் அப்பா குத்தாலிங்கம்.

அருமைநாயகம் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். கொஞ்ச நேரம் முன்புவரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மேலகரத்துக்கு வந்து பெண் பார்த்தாயிற்று. சண்முகவடிவை அவனுக்குப் பிடித்துவிட்டது. கதவோரம் நின்ற அவளும் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் கேசரித் தட்டை வாங்கக் குனிந்தபோதுதான், சட்டைப் பையிலிருந்து மூன்று அட்டைப் படங்கள் நழுவிப் பெண்ணின் அம்மா உலகம்மையின் காலடியில் விழுந்தன.

மூன்றும் சிதம்பரம் நடராசர். மூன்றின் முதுகிலும் சிகரெட் கம்பெனியின் பெயர். சிகரெட் பெட்டிக்குள் இப்படிப் படம் வைத்து வருவது ஊருக்கே தெரியும்.

“ஒரே படம் மூணு! அப்பம் எத்தனை பெட்டி ஊதியிருக்கணும்?” என்றாள் உலகம்மை. கூட வந்த பெரியப்பாவின் வாயில் கேசரி அப்படியே நின்றது. “புகை குடிக்கிறவனுக்கு எம்பிள்ளையக் குடுக்க மாட்டேன். தனியாக் கூட்டிட்டுப் போயி விசாரிங்க. ஆமான்னா, இப்பமே வண்டி ஏத்தி அனுப்பிருங்க.”

வெளியே சாரல் தூவிக்கொண்டிருந்தது. தென்னந்தோப்பைத் தாண்டி, வீடு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் குத்தாலிங்கம் நின்றார். அவன் முகத்துக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தார்.

“எங்கிட்ட ஒண்ணும் மறைக்காதயும் வே. ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி?”

“சத்தியமாக் கிடையாது மாமா! நான் தென்காசி ஸ்டேஷன்ல டிக்கெட் குடுக்கேன்லா? சீசனுக்குக் குத்தாலம் வாரவுக காலிப் பெட்டியப் பிளாட்பாரத்துல வீசிட்டுப் போவாக. படம் உள்ளயே கிடக்கும். அதைத்தான் பொறுக்குதேன்.”

“சரி, பொறுக்குதீரு. ஒரே படத்தை எதுக்கு மூணு?”

“ஒரே படமா?” அருமைநாயகத்துக்குப் பயமெல்லாம் பறந்துவிட்டது. படம் என்று வந்தால் அவன் அப்படித்தான். கையோடு எடுத்து வந்திருந்த மூன்றையும் விரித்துக் காட்டினான். “நல்லாப் பாருங்க மாமா. இது கம்பெனிக்காரன் நினைச்ச மாதிரியே வந்த படம். இந்த ரெண்டாவதுல, சாமியச் சுத்தித் திருவாசி இருக்குல்லா, அதுல நெருப்பு எங்க இருக்கு?”

“வளையத்தை விட்டு வெளிய ஆடுது.”

“ஏன்னா, இதை அச்சடிக்கையில ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லு. வழவழன்னு தேய்ச்ச கல்லுல எண்ணெய் மையால படம் எழுதி, அதுமேல தாளை வச்சு அமுக்குவான். மஞ்சளுக்கு ஒண்ணு, சிவப்புக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணு. அதே தாள் எல்லாக் கல்லுக்கும் போயிட்டு வரணும். சிவப்புக் கல்லுல வைக்கையில ஒரு நூல் நகந்துட்டு. நெருப்பும் கூடவே நகந்துட்டு!”

“ஓகோ.” குத்தாலிங்கத்தின் கண் படத்தில் இல்லை, அவன் சட்டைப் பையில் இருந்தது. “பையில வேற என்ன வச்சிருக்கீரு?”

அருமைநாயகம் பையை வெளியே இழுத்துக் காட்டினான். பென்சில் துண்டு ஒன்று விழுந்தது.

“மடியில?”

வேட்டி மடியையும் உதறிக் காட்டினான். அவர் முகம் சுருங்கியது. இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது என்று பதறி, மூன்றாவது படத்தை நீட்டினான்.

“இது என்னன்னு நீங்களே சொல்லுங்க.”

“வலது காலைத் தூக்கியிருக்காரு. இது மதுரை வே. வெள்ளியம்பலத்துலதான சாமி கால் மாறி ஆடுதாரு?”

“அடியில என்ன போட்டிருக்கு?”

“சிதம்பரம்…” குத்தாலிங்கம் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். “சிதம்பரத்துல இடது கால்லா தூக்கணும்?”

“அதான் மாமா! முத்திரைக் கட்டை பாத்திருக்கீயள்லா? கட்டையில எழுத்து திரும்பி இருந்தாத்தான் தாள்ல நேரா விழும். கல்லும் அப்படித்தான். இதை எழுதினவன் ஞாபகமில்லாம நேராவே எழுதிப்புட்டான். தாள்ல சாமி கால் மாறிட்டாரு. முதல் கல்லுல உள்ள கோட்டைப் பாத்துத்தான் மத்த நிறத்தையும் எழுதுவான், அதனால எல்லாம் சேந்து மாறிட்டு. ஊர்ப் பேரு எழுதினவன் வேற ஆளு. அவன் ஒழுங்காத் திருப்பி எழுதியிருக்கான். புகை குடிக்கிறவன் இதையெல்லாமா பாத்துக்கிட்டு நிப்பான்? ஊதிட்டு வீசிருவான் மாமா!”

அவன் சொன்னதில் நியாயம் இருப்பது குத்தாலிங்கத்துக்குப் புரிந்தது. புரியப் புரிய அவர் முகம் வாடிக்கொண்டே போனது.

“அப்பம் சிகரெட்டத் தொட்டதே கிடையாது?”

“கிடையாது.”

“சுருட்டு?”

“அந்த வாடையே ஆகாது மாமா.”

“பீடி? சும்மா, ஒரு ஆத்திர அவசரத்துக்கு?”

“எங்க அம்மை மேல சத்தியம்!”

குத்தாலிங்கம் வாய்க்கால் கரையில் பொத்தென்று உட்கார்ந்தார். கதவோரம் நிமிர்ந்து பார்த்த முகம் அருமைநாயகத்தின் கண்முன் வந்து போனது.

“மாமா… அத்தைகிட்ட என்ன சொல்லப் போறீய?”

“தங்கமான பையன்னு சொல்லுதேன். பொண்ணு உமக்குத்தான், போம்” என்ற குத்தாலிங்கம், வீட்டுப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்து நசுங்கிப்போன சுருட்டு ஒன்றை எடுத்து உதட்டில் வைத்தார். “வீட்டுல இருக்கிற தீப்பெட்டிய உங்க அத்தை இடுப்புலயே முடிஞ்சு வச்சிருக்கா. உம்ம பையிலயாவது ஒண்ணு இருக்கும்னு நம்பில்லா வே, இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்தேன்!”