பதினோரு வருடப் பாதுகாப்பு

“துப்பாக்கியத் தூக்கிட்டு நடக்கறதே ஒரு கலைங்க மேடம். சுடறது கெடக்குது, அத யாரு வேணா சுடலாம். எங்க ஊட்ல அந்தச் சில்லறை வேலையெல்லாம் இவளே பாத்துக்குவா.”

தேர்தல் முடியும்வரை லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அதற்காகத்தான் மலையின் குண்டூர் நாட்டுப் பகுதியிலிருந்து வந்திருந்தார் சென்றாயன். தோளில் நீளமான கித்தான் உறை. மீசையில் எண்ணெய். இரண்டடி பின்னால், மஞ்சள் பையோடு அவர் மனைவி ராமாயி.

சப்-இன்ஸ்பெக்டர் ரோஸ்லின் மலைக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நேற்று முழுக்க ராசிபுரத்தில் மீட்டிங். இன்று காலையிலிருந்து வந்த ஏழு பேரும் துப்பாக்கியை வைத்தோம், கையெழுத்துப் போட்டோம் என்று கிளம்பிவிட்டார்கள். இவர் மட்டும் தோளிலிருந்து இறக்குவதாக இல்லை. வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“மொத விசயம், வெளிய கொண்டுபோனா உறையத் தொறக்கக் கூடாது. வாராவாரம் சோளக்காடு சந்தைக்குப் போறனுங்க. பஸ்லயும் தோள்லதான், டீக்கடையிலயும் தோள்லதான். உள்ள என்னன்னு ஒருத்தன் பாத்ததில்ல.”

“நீங்க பாப்பீங்களா?”

“நான் எதுக்குங்க பாக்கோணும்? எனக்குத்தான் தெரியுமே.”

“பன்றி விரட்டக் குடுத்த துப்பாக்கிக்குச் சந்தையில என்ன வேலை?”

“ஒரு மரியாதைக்குங்க.”

அந்த மரியாதையைக் காட்டுவதற்காகச் சென்றாயன் கம்பீரமாகத் திரும்பினார். உறையின் முனை ரோஸ்லினின் மூக்குக்கு நேராக வந்து நின்றது. அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“முனையத் தரைப்பக்கம் திருப்புங்க. உள்ள வெடிமருந்து இருக்கா?”

“இருக்காதுங்க.”

“பாத்தீங்களா?”

“பாக்காமயே சொல்லுவேனுங்க. பதினோரு வருசமா இந்தத் தோள்ல தொங்குது. ஒரு தடவயாச்சும் தானா வெடிச்சிருக்குதான்னு ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க. அதுதானுங்க கைப்பழக்கம்.”

ரோஸ்லின் ஒரு வெள்ளைத்தாளை இழுத்து முன்னால் வைத்தார்.

“இந்த லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி மேல எழுதப் போறேன். மருந்து இருக்கா இல்லையான்னு பாக்காம, ஆள் மூஞ்சிக்கு நேரா நீட்டற கையில துப்பாக்கி இருக்கக் கூடாது.”

சென்றாயனின் நெஞ்சு ஓர் அங்குலம் உள்ளே போனது. ராமாயி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“அப்படி எழுதிராதீங்க மேடம். ரெண்டு ஏக்கரா குச்சிக்கெழங்கு போட்டிருக்குது. தேர்தல் முடியறவரைக்கும் தகரத்தத் தட்டிச் சமாளிச்சுக்குவேன். அதுக்கப்பறமும் வெடிச்சத்தம் கேக்காட்டி, பன்னிங்க மொத்தத்தையும் உழுதுட்டுப் போயிரும்.”

“அதை உங்க வீட்டுக்காரர் யோசிச்சிருக்கணும்மா.”

“அவரு யோசிக்கறதில்லீங்க. அதனாலதான் நான் யோசிக்கறேன்.”

மஞ்சள் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள் ராமாயி. ஒன்று லைசென்ஸ். அதில் ஒட்டியிருந்த போட்டோவில் மீசை இல்லை, ராமாயிதான் இருந்தாள். இன்னொன்று, ஸ்டேஷன் ரைட்டர் பெஞ்சமின் கையெழுத்துப் போட்ட ரசீது. தேதி, நேற்று.

“எங்கப்பனுக்கு அப்பறம் எம்பேருக்கு வந்த லைசென்சுங்க. துப்பாக்கிய நேத்தே மருந்தில்லாமக் கொண்டாந்து ரைட்டர்கிட்ட ஒப்படைச்சுட்டேன்.”

“அப்ப இவர் தோள்ல இருக்கறது?”

அந்தச் சந்தேகம் சென்றாயனுக்கும் வந்திருக்க வேண்டும். பதினோரு வருடத்தில் முதல்முறையாக, தானே அவசர அவசரமாக உறையின் கயிற்றை அவிழ்த்தார்.

உள்ளே, துருப்பிடித்த கடப்பாரை.

“லைசென்ஸ் இல்லாத ஆளு கையில துப்பாக்கியக் குடுக்கலாமுங்களா மேடம்?” என்றாள் ராமாயி. “லைசென்சு எம்பேருக்கு வந்த அன்னிக்கிருந்து இவருக்கு இதத்தான் கட்டிக் குடுத்துட்டிருக்கறேன்.”