வக்கீலம்மா கொண்டு வந்த கிளை

“நான்தான், உங்க வீட்டுக் கடைக்குட்டி. வயசு இருபத்தஞ்சு. உங்ககிட்டேர்ந்து ஒரு பகல் ஒரு ராத்திரி ரயில் தூரத்துல, பயிர் ஆலோசனை மையத்துல உக்காந்திருக்கேன்.” செய்தி வாசிப்பவர் தோரணையில் அவன் சொல்லச் சொல்ல, செல்போன் அதை எழுத்தாக்கிக்கொண்டிருந்தது. “அக்கா, மையத்து மாதிரி வயல்ல என் கையால நட்ட தக்காளியப் பாக்க நாளைக்கு மேலதிகாரி வர்றார். பாத்துட்டுத் தலையாட்டிட்டார்னா வேலை நிரந்தரம். அம்மாவப் பெட்டி கட்டச் சொல்லு.”

“உள்ள வரலாமா?” என்று வாசலில் கேட்ட குரலையும் செல்போன் சேர்த்தே எழுதிக்கொண்டது.

வக்கீலம்மா நின்றிருந்தாள். கோர்ட்டுப் பக்கம் போனவள் இல்லை, தக்காளி போடும் விவசாயிதான். குறுக்குக் கேள்வி கேட்டே இதற்கு முன்பிருந்த ஆலோசகர்கள் இரண்டு பேரை மாற்றல் வாங்கிக்கொண்டு ஓட வைத்தவள் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. கையில், வாய் இறுகக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பை.

மாதிரி வயலை அவன் போட்டதே விவசாயிகளுக்குச் செய்து காட்டத்தான். அதற்கும் அவள் வயலுக்கும் நடுவே ஒரு வரப்புதான். நாளை அதிகாரி முன்னால் வந்து ஏதாவது வில்லங்கமாகக் கேட்டுவைத்தாளென்றால் தீர்ந்தது. மாமா வீட்டுக் கூடத்து மூலையில் பாய் விரித்துப் படுக்கும் அம்மா, இந்த வருஷமும் அங்கேயேதான் படுக்க வேண்டும்.

பையைப் பிரித்தான். ஒரு தக்காளிக் கிளை. நுனி இலைகள் கிண்ணம்போல மேல்நோக்கிச் சுருண்டு, ஓரமெல்லாம் மஞ்சள் பாய்ந்து, சுண்டுவிரல் நகமளவுக்குச் சிறுத்திருந்தன. திருப்பிப் பார்த்தான். அடியில் பொடிப் பொடியாக வெள்ளை ஈக்கள்.

இலைச்சுருள் நோய். மருந்தே கிடையாது.

அவனுக்குப் பகீரென்றது. பந்தல், பேனர், நாற்காலி என்று அலைந்ததில் ஒரு வாரமாக அவன் வயல் பக்கமே போகவில்லை. இந்த ஈக்களுக்கு ஒரு வரப்பைத் தாண்ட எத்தனை நேரம் ஆகும்? அது போகட்டும். அதிகாரி வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாலே போதும், பக்கத்து வயலுக்கே புத்தி சொல்லத் துப்பில்லாதவன் என்று குறிப்பெழுதிவிட்டுப் போய்விடுவார்.

எத்தனை செடி என்று கேட்டான். ஓரமாக இரண்டு வரிசை முழுக்க என்றாள். அப்படியானால் மிச்சச் செடிகளுக்குள்ளும் நோய் இறங்கியிருக்கும், மொத்தத்தையும் பிடுங்கிக் குழி தோண்டிப் புதைப்பதைத் தவிர வழியில்லை என்றான்.

“காய் பிடிச்சு நிக்குது தம்பி. நட்டவருக்கு மனசு வரணுமே.”

புருஷனைச் சொல்கிறாள். அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்றான் அவன். நீங்கள் சொன்னால் தட்ட மாட்டார் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

ஒப்புக்கொண்டவள் அதோடு விட்டாளா என்றால் இல்லை. மருந்தடித்துப் பார்க்கலாமே என்றாள். ஈ சாகும், செடிக்குள் போன நோய் சாகாது என்றான். அந்த இரண்டு வரிசையை மட்டும் எடுத்துவிட்டால் என்றாள். மிச்சத்தை ஈக்கு விருந்து வைக்கவா என்றான். ஒவ்வொரு கேள்விக்கும் அவன் குரல் ஒரு படி ஏறியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“ஒரே ஒரு நாள் தள்ளிப்போட்டா குடியா முழுகிடும்னு கேட்டார்னா?”

“ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாதுக்கா. இது உங்களோட போற விஷயமில்ல. பக்கத்து வயல் என்ன பாவம் பண்ணுச்சு? ராத்திரி பகலா பாத்து வளத்தது இன்னொருத்தர் பேராசையில அழியணுமா? நோய்னு தெரிஞ்சும் நிக்க வைக்கிறவன் விவசாயியே இல்ல.”

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். வக்கீலம்மாவிடம் இப்படிப் பேசிவிட்டு முழுசாக வீடு போய்ச் சேர்ந்தவர் உண்டா? ஆனால் அவள் கோபப்படவில்லை. நெற்றியை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

“இத அப்படியே எழுதிக் குடுங்க தம்பி.”

விட்டால் போதும் என்று ஆலோசனைச் சீட்டைக் கிழித்தெடுத்தான். முழுவதையும் பிடுங்கிப் புதைக்க வேண்டும், இன்றே செய்ய வேண்டும், தாமதித்தால் பக்கத்து வயலுக்குப் பரவும் என்று பேனா முனை தாளில் பள்ளம் பறிக்க எழுதினான். கையெழுத்துப் போட்டான். முத்திரையை ஊதிக் குத்தினான். இனி அதிகாரியே கேட்டாலும் அவன் பக்கம் தப்பில்லை, சீட்டு பேசும். அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

அவள் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு சீட்டை மேசைமேல் வைத்து, காலியாக இருந்த ஒரு வரியின்மேல் விரலை ஊன்றினாள். வயலுக்கு உரியவர் பெயர். அவசரத்தில் விட்டுப்போயிருந்தது.

வீட்டுக்காரர் பெயரா, உங்கள் பெயரா என்று கேட்டுக்கொண்டே அவன் பேனாவைத் திறந்தான்.

“முதல்லயே சொல்லியிருந்தா, இது வெறும் சத்துக் குறைவுன்னு சொல்லி அனுப்பியிருப்பீங்க,” என்றாள் வக்கீலம்மா. விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை.

“உங்க பேரையே எழுதுங்க தம்பி. கிளைய என் வயல்ல ஒடிக்கல, உங்க வயல்லதான் ஒடிச்சேன். என் பயிரக் காப்பாத்துங்க.”